அருவிக்கு மேலே ஓர் அறை

வெள்ளகோவில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கீதாவுக்கு,

பாலுசாமி எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டுதான் டூட்டிக்குப் போகிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன்.

போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். கேம் என்று பேச்செடுத்தாலே, "டூட்டிக்கு நேரமாச்சுங்க, வெச்சர்றேன்" என்கிறாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. உங்கள் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர வருகிற லின்சி என்ற பெண்ணிடம் இதையும் கொள்ளுப் பொடியையும் கொடுத்து அனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

தறிகள் ஓடுகின்றன. கரண்டு மட்டும் நினைத்தால் போகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. ஆனால் நேற்று என்னோடு கோயமுத்தூர் வந்து மண்டபத்துப் படியெல்லாம் ஏறினார். எதற்கு என்று கேட்கிறாயா? கீதா, நீ ஜெயித்துவிட்டாய். முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

பீளமேட்டில் பழைய வீடியோ கேம் பிரியர்களின் சந்திப்பு. என்னை மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு, விவரம் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று முதலிலிருந்து சொன்னேன். என் மனைவி ஒரு நர்ஸ். ஒரே கேம் ஒவ்வொரு மெஷினிலும் எப்படி மாறுகிறது என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஆடிக் காட்டி, தமிழில் சேனல் நடத்தினாள். கேமரா பிடித்தது நான். அட்டையில் ஜப்பான் எழுத்து இருந்ததால் நாங்களே 'தவளைக்காரன்' என்று பேர் வைத்த கேமில், அருவி உச்சிப் பாறைக்கு மேலே ஓர் அறை இருப்பதை அவள் பழைய எட்டு பிட் மெஷினில் கண்டாள். உள்ளே ஒரு பெரிய தவளை தூங்கிக்கொண்டிருந்தது. பார்த்த மறுகணமே வௌவால் மோதி ஆட்டம் முடிந்தது. அந்த வீடியோவைப் போட்ட பிறகு வேறு யாராலும் அந்தப் பாறையை எட்ட முடியவில்லை. வீடியோவில் நடுவே ஒரு வெட்டும் இருந்தது. ஒட்டுப் போட்ட படம், பித்தலாட்டம் என்றார்கள். நேரலையில் ஆடிக் காட்டச் சொன்னார்கள். அவளாலும் முடியவில்லை. சேனலை மூடிவிட்டாள்.

அதன் பிறகுதான் நீ அயர்லாந்து வேலைக்குக் கையெழுத்துப் போட்டாய் என்பதை மேடையில் சொல்லவில்லை. உன்னையே நீ சந்தேகப்பட ஆரம்பித்ததையும் சொல்லவில்லை. "நெசமாவே பாத்தனாங்க, இல்ல கனாக் கண்டனா?" என்று ஏர்போர்ட்டில் கேட்டாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

நீ போன பிறகு மெஷின்கள் பூஞ்சை பிடித்துவிடக் கூடாதே என்று எடுத்து மாட்டினேன். மாட்டியதும் ஆடிப் பார்த்தேன். என் ஆட்டம் உனக்குத் தெரியும். முதல் கட்டத்துக் குழியிலேயே விழுந்து சாவேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "ஏஞ்சாமி, இத்தன தறி ஓட்டற கையி, ஒரு தவளையத் தாண்ட உட முடியலியா?" என்பார். விடவில்லை. தறியை நிறுத்திவிட்டு வந்ததும் இதே வேலை. அருவிக் கட்டம்வரை போகக் கற்றுக்கொண்டேன். அங்கே வருகிற வௌவால்களில் ஒன்றைக்கூட என்னால் சுட முடியவில்லை.

கீதா, விஷயமே அதுதான். ஒரு நாள் அந்த எட்டு பிட் மெஷினில் அத்தனை வௌவாலும் சுடப்படாமல் திரையில் கூடிவிட்டன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாமல் மெஷினுக்கு மூச்சு வாங்கியது. எல்லாமே மெதுவாகிவிட்டது. அருவியில் விழும் கட்டைகூட இறங்க யோசித்தது. அப்போது அந்தக் கட்டையிலிருந்து குதித்த தவளைக்காரன் அந்தரத்தில் நின்றான் பார், உச்சிப் பாறை அவன் கைக்கெட்டும் தூரத்தில்!

மறுநாள் பதினாறு பிட் மெஷினில் ஆடினேன். அது பலசாலி. எத்தனை வௌவால் வந்தாலும் அசரவில்லை, பாறையும் எட்டவில்லை. கையடக்க மெஷினில் திரை சின்னது. அந்தப் பாறையே இல்லை. இப்போது கம்ப்யூட்டருக்கு வந்திருக்கும் புதுப் பதிப்பில் அந்த மந்தத்தைக் குறை என்று சரிசெய்துவிட்டார்கள். உன்னைக் குறை சொன்னவர்கள் எல்லாம் இவற்றில்தான் ஆடிப் பார்த்திருக்கிறார்கள். பழைய மெஷினில் ஆடிய சிலரோ நல்ல ஆட்டக்காரர்கள். வௌவாலைக் கண்டதும் சுட்டுவிடுவார்கள். நேரலையில் நீயும் ஒன்று விடாமல் சுட்டாய்.

அப்படியானால் முதல் நாள் மட்டும் ஏன் சுடவில்லை? ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கரண்டியோடு வந்து கேட்டேனே, நினைவிருக்கிறதா? நீ திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய், வௌவால்கள் கூடிவிட்டன. அப்புறம் என் பேச்சு வேண்டாமென்று அந்த இடத்தை வெட்டினாய். ஊரே சந்தேகப்பட்ட அந்த வெட்டில் இருந்தது நம் ரசம்தான். இது புரிந்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா பயந்துபோய்த் திருநீறு பூசிவிட்டார்.

உன் வீடியோவை முதலில் பொய் என்று சொன்ன வின்ஸ்டனுக்கே போன் செய்தேன். அவர் சேனலைப் பார்க்காத ஆள் இந்தப் பக்கம் கிடையாது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பீளமேட்டு மீட்டிங்குக்கு வாங்கண்ணா. என் மெஷின், என் கேம் கார்ட்ரிட்ஜ்லயே ஆடுங்க. அப்பத்தான் ஒருத்தரும் வாய் திறக்க முடியாது" என்றார். நல்ல மனிதர்தான்.

நேற்று அப்படியே ஆடினேன். முதல் முறை வௌவால் மோதிச் செத்தேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இரண்டாம் முறை வௌவால் கூட்டம் கூடியதும் மண்டபமே, "அண்ணா, சுடுங்க! சுடுங்க!" என்று கத்தியது. முன்வரிசையில் இருந்த அம்மா எழுந்து திரும்பி, "சத்தம் போடாதீங்க கண்ணுகளா, அவன் வேணும்னுதான் உடறான்!" என்று அதட்டினார். மெஷினுக்கு மூச்சு வாங்கியது. குதித்தேன். பாறை விளிம்பைப் பிடித்தேன். மேலே ஏறியதும் குனிந்துகொண்டேன். வௌவால் தலைக்கு மேலே போய்விட்டது.

அறை இருந்தது, கீதா. பச்சைத் தவளை வயிறு ஏறி இறங்கத் தூங்கிக்கொண்டிருந்தது. வேறெந்த மெஷினிலும் கேட்டிராத ஒரு பாட்டு மெல்ல ஓடியது. எல்லாரும் நாற்காலிகள் சரிய எழுந்தார்கள். விசில் அடித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் என்னைத் தூக்கினார்கள். வின்ஸ்டன் மைக்கை வாங்கினார். "கீதா அக்கா காட்டுனது நிஜம். நான் சொன்னதுதான் தப்பு" என்றார். இதை அவர் சேனலிலும் போட்டுவிட்டார். உன் பேரைச் சொல்லிக் கை தட்டினார்கள். அம்மா எல்லாரிடமும், "எங்கூட்டு மருமவ அயர்லாந்துல இருக்கறா" என்று சொல்லி ஓயவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. தவளைக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு தெரிந்தது. உன் ஆட்டம் முன்பே முடிந்துவிட்டதால் அதை நீ பார்த்திருக்க மாட்டாய். உள்ளே போகச் சொல்லி எல்லாரும் கத்தினார்கள். நான் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். "அதைத் திறக்க வேண்டியவங்க இங்க இல்லீங்க" என்று சொன்னேன். வின்ஸ்டன் என்னைப் பார்த்தார், பிறகு தன் கையாலேயே மெஷினை அணைத்தார். நீ வரும்வரை யாரும் திறப்பதில்லை என்று மண்டபத்தில் எல்லாரும் கை தூக்கினார்கள். ஆனால் அங்கே வந்திருந்த பிள்ளைகள் எத்தனை காலம் பொறுப்பார்கள் சொல்.

வேலையை விட்டு வா என்று நான் சொல்ல மாட்டேன். அது நீ படித்துச் சம்பாதித்த இடம். பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று மட்டும் கேட்டுப் பார். வாரேன் என்று ஒரு வார்த்தை சொல், கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் முதல் ஆளாக நிற்பேன். நம் குலசாமி உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். கதவு சாத்தியேதான் இருக்கிறது, அம்மணி.

உன்
பாலுசாமி