பேருந்து நிலையத்தில் மூன்று நாள்

ட்ரோண்ட்ஹைம், நார்வே
12 ஜனவரி 1997

என் கண்ணே தரானே,

உன் அப்பா சம்மதித்துவிட்டாராமே! உன் கடிதத்தைப் படித்துவிட்டு, வேலை செய்யும் சலவைக்கூடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். கூட வேலை செய்யும் இங்கெர், "என்னடி மஹ்வாஷ், யாராவது தவறிட்டாங்களா?" என்று பதறினாள். "இல்லடி, என் பொண்ணைப் பார்க்கப் போறேன்" என்றேன். ஒன்பது வருஷம்! நான் வேலை பார்த்த அச்சகத்துக்கு என்னைப் பிடிக்க அரசாங்க ஆள் வந்து, நான் தப்பி ஓடிய அன்று உனக்கு மூன்று வயது.

எனக்கு ஈரான் பாஸ்போர்ட் இல்லை. அகதிகளுக்கு இந்த நாடு ஒரு நீலப் புத்தகம் தருகிறது. அதை வைத்து ஈரானைத் தவிர வேறெங்கும் போகலாம். அதனால்தான் எல்லைக்கு இந்தப் பக்கம், துருக்கியின் வான் நகரம். புத்தகத்தின் காலம் இந்த மாதம் முடிகிறது, புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். எட்டு வாரம் ஆகுமாம். மார்ச் 22, நவ்ரூஸ் புத்தாண்டுக்கு மறுநாள், அங்கே பேருந்து நிலையத்தில் நிற்பேன். இப்போது நீ எவ்வளவு உயரம்? எழுது.

உன் அம்மா
மஹ்வாஷ்

உருமியா, ஈரான்
10 பிப்ரவரி 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவின் தோள் வரை இருக்கிறேன். "அவ வருவாளான்னு பார்ப்போம்" என்கிறார் அப்பா. "அங்கேயே நிரந்தரமா இருக்க உரிமை கிடைச்சவங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர முடியாதா?" என்று சண்டை போட்டேன். சரிதானே அம்மா?

உங்களைக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. கண்ணாடி முன் நின்று "அம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

உங்கள் மகள்
தரானே

வான், துருக்கி
4 ஏப்ரல் 1997

தரானே, என் தங்கமே,

மார்ச் 21 வரை புத்தகம் வரவில்லை. அலுவலகத்துக்குப் போய், "நிரந்தர வசிப்புரிமைதான் இருக்கே, அதை வெச்சுப் போகக் கூடாதா?" என்று மன்றாடினேன். "அது நீங்க இங்க இருக்கறதுக்கும்மா. நாட்டை விட்டுப் போகணும்னா புத்தகம் வேணும்" என்றார் அதிகாரி. உங்கள் பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "ரெண்டு பேரும் காலையிலேயே பஸ் ஏறிட்டாங்களே" என்றார்கள். எந்த விடுதி என்று யாருக்கும் தெரியவில்லை.

புத்தகம் 26ஆம் தேதி வந்தது. நேற்றுதான் இங்கு வந்து சேர்ந்தேன். இன்று எல்லை வரை போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் உங்கள் ஊர்ப் பேருந்து நின்றது. காவலர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இதுக்கு மேல உங்களை விட முடியாதும்மா" என்று திருப்பித் தந்தார்.

அன்றைக்குப் பிறகு உங்கள் பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசி கிடைக்கவே இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். இன்னும் பத்து நாள் இருப்பேன். உருமியா பேருந்து வரும்போதெல்லாம் நிலையத்தில் நிற்பேன். அப்பாவிடம் கெஞ்சிக் கேள், கண்ணே.

அம்மா

உருமியா
8 மே 1997

அம்மா,

உங்கள் கடிதம் நேற்றுதான் வந்தது.

நாங்கள் அங்கே மூன்று நாள் இருந்தோம். அப்பாவும் புதுச் சட்டை போட்டிருந்தார். அதை உங்களிடம் சொல்லக் கூடாது என்றார்.

இரண்டாம் நாள் ஒரு பெண் பெட்டியோடு இறங்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். ஓடிப்போய் "அம்மா" என்று கட்டிக்கொண்டேன். அவர் தள்ளிவிடவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டே, "நான் உன் அம்மா இல்லடா கண்ணு. ஆனா நீ விடுற வரைக்கும் இப்படியே நிக்கிறேன்" என்றார். வெகுநேரம் நான் விடவில்லை. அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அப்பா, "போலாமா?" என்றார். நான்தான் "இன்னும் ஒரு பஸ் பார்ப்போம்பா" என்றேன். அப்படியே நான்கு பேருந்து பார்த்தோம்.

உங்கள் மேல் தப்பில்லை என்று தெரியும். ஆனாலும் அடுத்த வருஷம் எதுவும் ஏற்பாடு செய்ய வேண்டாம். அப்பா சரி என்பார், என்னால்தான் முடியாது. அம்மாவைக் கட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். அந்தப் பெண்ணின் கோட்டு வாசனைகூட ஞாபகம் இருக்கிறது. அதை மாற்றிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

தரானே