சார் மட்டும் படிக்கும் கட்டுரை

கும்மிடிப்பூண்டி, ஞாயிறு.

அன்புள்ள அம்மாவுக்கு குணசுந்தரி எழுதுவது. நான் நலம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது?

கம்பெனியே சேர்த்துவிட்ட கல்லூரி வகுப்பில் கட்டுரை எழுதப் பழகுகிறேன் அல்லவா? போன வாரத் தலைப்பு, 'என் வேலையிடம்'. "மனசுல இருக்கறத எழுதும்மா, நான் மட்டும்தான் படிப்பேன்" என்றார் சார். பிரஸ் மெஷினில் கை நசுங்காமல் தடுக்கும் சேஃப்டி கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்வதை எழுதினேன். பத்துக்கு ஒன்பது போட்டார்.

நேற்று சூப்பர்வைசர் கூப்பிட்டார். மேசையில் என் கட்டுரை, சார் போட்ட சிவப்பு டிக்குகளோடு. "இன்னாம்மா, சூப்பரா எழுதிக்கினுகீற!" என்று சிரித்தார். இனி வகுப்பு கிடையாதாம். பயப்படாதே, வேலை இருக்கிறது, பத்து விரலும் பத்திரம்.

நீ போர்த்துகிற பச்சைப் போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. எப்போதும்போல இதைப் பக்கத்து வீட்டு ரம்யாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே அம்மா. நேரமானாலும் நீயே எழுத்துக் கூட்டிப் படி.