என் கையையும் சேர்த்து எண்ணு

பாப்பாவோட அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்க கம்பெனி ரூம்ல எங்க எட்டுப் பேருக்கு ஒரே குளியலறை. யார் எப்போ குளிக்கணும்னு கிரேன் ஓட்டுற அண்ணன் வச்சதுதான் சட்டம். யாரும் வேலைக்கு லேட்டானதில்லை. அவர் லீவுல போனதும், ஜனநாயகம்னு கை தூக்கி ஓட்டுப் போட்டோம். ஒரே சண்டை. நான்கூட ஒருநாள் வேலைக்குப் போற வேனைக் கோட்டைவிட்டேன், சிரிக்காதே.

"அண்ணன் இருந்தப்போ நல்லா இருந்துச்சே"ன்னேன்.

எங்க ரூம் வெல்டர் சொன்னான்: "உனக்கு நல்லா இருந்துச்சு. ரெண்டு வருஷமா குளிக்கிறதுல கடைசி ஆளு நான். வெந்நீரே பார்த்ததில்லை. ஒருத்தராவது கேட்டீங்களா?"

உனக்குப் போன தடவை எழுதினதுதான் ஞாபகம் வந்துச்சு.

நம்ம பாப்பாவை எந்தக் காலேஜ்ல சேர்க்கணும்னு நானே முடிவு பண்ணி எழுதினேனே, அந்த லெட்டரைக் கிழிச்சுப் போடு. நீ, எங்கம்மா, பாப்பா மூணு பேரும் கை தூக்குங்க. ஊர்லேருந்து யாராவது இங்க வந்தா எனக்குத் தைலம் ஒரு புட்டி கொடுத்தனுப்பு.

வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். தூரத்துல இருக்கேன்னு விட்டுடாதே, என் கையையும் சேர்த்து எண்ணு.