தாய் வாயைக் கட்டினால்

1954 பிப்ரவரி 8, திருப்பதி

பயிற்சி நிலையத்தில் சமையல் வகுப்பு. கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். ஒரு பக்கம் ‘தெரிந்தது’. மறுபக்கம் ‘சொல்வது’. கத்திரிக்காய் சூடு, வெள்ளரி குளிர்ச்சி — இரண்டாவது பக்கம் அவர்கள் வாயாலேயே நிரம்பிவிட்டது. முதல் பக்கத்தில் நான் எழுதியது ஒன்றுதான்: அரிசியைத் தீட்டினால் சத்து தவிட்டோடு போகிறது, மிச்சமும் கழுவுநீரிலும் வடித்த கஞ்சியிலும் போகிறது.

ஏர்பேட்டுச் செங்கம்மா எழுந்தாள். “நாங்க கூழு துன்றவங்க டீச்சர். எங்கூட்ல வடிக்க இன்னா இருக்குது?”

வகுப்பே சிரித்தது. நானும்.

பிப்ரவரி 13, புத்தூர்

ரயிலில் வீடு வந்தேன். அண்ணி யசோதாவின் குழந்தைக்கு மூன்று மாதம். பால் குடித்ததும் கக்குகிறது. மாந்தம் என்கிறாள் அம்மா. அதற்காக அண்ணிக்குப் பருப்பை நிறுத்தினாள். மறுபடி கக்கியது, கீரையையும் நிறுத்தினாள். இப்போது பத்தியம் என்றால் மில்லில் வெளுக்கத் தீட்டிய அரிசிச் சோறு, உப்பு, மிளகு. பலமுறை கழுவி, வடித்து.

“தாய் வாயக் கட்டினாத்தான் கொயந்த தேறும். உன் காலேஜ் படிப்ப மெட்ராசோட வச்சிக்க.”

கஞ்சியும் தவிடும் மாட்டுத் தொட்டிக்குப் போகின்றன. கன்று மினுமினுவென்று இருக்கிறது.

பிப்ரவரி 14

குழந்தை அழுகிறது. சத்தம் வரவில்லை. வாய் திறக்கிறது, முகம் சிவக்கிறது — காற்று மட்டும்.

“எவ்ளோ சாதுவான கொயந்த பாரு” என்கிறாள் அம்மா.

சாதுவா?

தனக்குக் கால் மரத்துப்போகிறது என்றாள் அண்ணி, அம்மா காதில் விழாமல். யாருமில்லாத நேரம் பார்த்துப் பருப்பு கொண்டுபோனேன். தொடவில்லை. “வாணாம் மங்கா. கொயந்தைக்கு எதுனா ஆனா, துன்னவளத்தானே சொல்லுவாங்க.”

பிப்ரவரி 16, திருப்பதி

புத்தகத்தில் இருக்கிறது, பெரிபெரி என்ற தலைப்பில். தாய்க்குக் கால் மரத்தல். சிசுவுக்கு வாந்தி, குரல் அடைப்பு, பிறகு இதயம்.

பிறகு.

அம்மா கேட்டதை நம்புகிறாள். நான் படித்ததை நம்புகிறேன். அச்சில் வந்துவிட்டால் அது ‘தெரிந்தது’ ஆகிவிடுமா? — இல்லை. ஒரு சோதனையில் கோழிகளுக்கு வெறும் தீட்டிய அரிசி போட்டார்கள், கால் விழுந்தது. தவிடு போட்டார்கள், நடந்தன. யார் போட்டாலும் நடக்கும். நம்பாதவன் போட்டாலும்.

அந்த வித்தியாசம் ஒன்றுதான் என் கையில் இருக்கிறது.

பிப்ரவரி 17

லீவு சொல்லிவிட்டுப் புத்தூர் போனேன். குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது. அண்ணன் கோவர்த்தனன் துண்டைப் போட்டுக்கொண்டு எல்லைக் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பிரிவினையில் ஆந்திராவுக்குப் போன புத்தூர் மதராஸோடு சேரவேண்டுமாம். திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

“தெலுங்கு ஆஸ்பத்திரிக்கா? கூட்டம் முடியட்டும், மெட்ராஸுக்கே இட்டுக்கினு போறேன்.”

“அதுக்கு எந்த ராஜ்யம்னு தெரியாதுண்ணா. கிட்ட வந்து கேளு.”

வந்தான். அழுகிற வாயருகே காதை வைத்தான். வைத்தபடியே இருந்தான். துண்டை எறிந்துவிட்டு ஸ்டேஷனுக்கு வண்டி கட்டச் சொன்னான்.

அம்மா வாசலைத் தாண்டவில்லை. “பச்ச ஒடம்புடா. ஊசி போட்டுக் கொன்னுடாதீங்க.”

ஆஸ்பத்திரியில் பார்த்ததும் போட்டார்கள். பி-ஒன் வைட்டமின், தவிட்டோடு போகிற அதே சத்து. அண்ணிக்கும்.

பிப்ரவரி 18, திருப்பதி

மூச்சு தணிந்திருக்கிறது. கக்கவில்லை. குரல்? ‘நிதானங்கா’ வரும், மெள்ளத்தான் வரும் என்றார் டாக்டர். தெலுங்கு நன்றாகத் தெரிந்த அண்ணன் திரும்பத் திரும்ப என்னையே கேட்கிறான்: “நிதானங்கான்னா எவ்ளோ நாளு?”

பிப்ரவரி 25

குரல் இல்லை.

மார்ச் 13, புத்தூர்

அண்ணி பருப்பும் கீரையும் சாப்பிடுகிறாள். அம்மாவே பரிமாறுகிறாள்.

அத்தோடு விட்டாளா? தெருவுக்கே தவிடு கரைத்துக் கொடுக்கிறாள். ஜுரத்துக்குத் தவிடு. முழங்கால் வலிக்குத் தவிடு. எதிர்வீட்டு வெங்கடம்மாவின் பல்வலிக்கும் தவிடு. அண்ணி இனிமேல் புளி தொடக்கூடாதாம், தவிட்டுக்கு ஆகாதாம்.

“யாரும்மா சொன்னது?”

“நீதானேடி சொன்ன. படிச்சவ.”

திங்கட்கிழமை வகுப்பு. தவிட்டைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் எழுதுவது?

யோசிக்க விடாமல் உள்ளே தொட்டிலிலிருந்து அலறல். தெருமுனை வரை கேட்கும். எதிர்வீட்டில் வெங்கடம்மா, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்துகிறாள்.