ஏழாவது பொதி

உனக்கு,

பேர் எழுதவில்லை என்று கோபப்படாதே. மணற்குன்று சரிந்து உன்னை மூடிய நாளிலிருந்து உன் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. செத்தவர் பேரைச் சொல்லக் கூடாது என்கிற நம் வழக்கம் உனக்குத் தெரியாததா?

கோபிப் பாலைவனத்தில் நீ மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிய எலும்புப் பொதிகளை ஒவ்வொன்றாகத் திறக்கிறேன். ஆறாவதில், முட்டைகள்மேல் உட்கார்ந்தபடியே புதைந்த டைனோசர் ஒன்று. மணல் விழுந்தபோதும் ஓடாமல், இரண்டு கைகளையும் விரித்து முட்டைகளை மூடியிருக்கிறது. கழுத்து மட்டும் திரும்பியிருக்கிறது, யாரோ கூப்பிட்ட மாதிரி.

உன் பட்டியலில் ஆறுதான். இந்தக் கோடையில் அங்கே போனவர்கள் ஏழாவதையும் கொண்டுவந்தார்கள். ஆள் நீளம். உன் கையெழுத்தில் எண்ணும், தலைப்பக்கம் காட்டும் அம்புக்குறியும். இரண்டு வருஷமாகியும் மாவு காயவில்லை.

பக்கத்து மேஜையில் எலும்பு சுத்தம் செய்யும் துல்மா சொன்னாள்: "அக்கா, தப்பித்தவறி அவர் பேரைச் சொல்லிடாதீங்க. வந்து நிப்பாரு."

"வந்தா உப்பு டீ போட்டுக் குடு" என்றேன்.

அவள் சாப்பிடப் போனதும், பொதிமேல் கை வைத்து உன் பேரை ஒரே ஒரு தடவை சொன்னேன். உள்ளே மணல் சரிகிற சத்தம். சுவரைப் பார்த்திருந்த அம்பு இப்போது என் நாற்காலியைப் பார்க்கிறது.

துல்மா வருவதற்குள் திறந்துவிட வேண்டும். ரம்பத்தை எடுத்து வைத்திருக்கிறேன். கூப்பிட்டது நான்தானே.

உன்னுடையவள்