இரண்டு அடுக்குக்கு மேல் கூடாது

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்று நானே முடிவு செய்துகொண்டேன், ஏனென்றால் கேட்டால் பதில் வருவதில்லை. ஏறக்குறைய ஒரு வருடமாக எப்போது போன் செய்தாலும் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். நீ எப்போதும் வகுப்பில் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைகூட வகுப்பு நடத்தும் பள்ளி உன்னுடையது ஒன்றுதான். இந்தக் கடிதத்தையும் அவர்தான் உனக்குப் படித்துக் காட்டப்போகிறார். மாப்பிள்ளை, ஒரு வரி விடாமல் படியுங்கள். உங்கள் மனைவி முகத்தைச் சுளித்தாலும் நிறுத்த வேண்டாம்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் யாராவது விசாரித்தால் உடனே கூடிவிடுகிறது. உன் அத்தான் சமையலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று இறங்கினார். இப்போது குளியலறைக் குழாயிலும் தண்ணீர் வருவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் பள்ளிக்கான பிரெயில் பாடப் புத்தகங்கள், முப்பத்தாறு பெட்டி, செவ்வாய்க்கிழமை காலை எங்கள் அச்சகத்திலிருந்து கிளம்பிவிட்டன. பரீட்சைக்குப் பதினெட்டு நாள் முன்னதாகவே வந்து சேரும். உன்னைப் போலவே விரலால் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தத் தடவை ஒரு புள்ளிகூட நசுங்கியிருக்காது. நான் சொன்னால் நீ நம்பமாட்டாய் என்பதால் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

இந்த வருடம் நீ சொன்னபடியே, பட்டை போட்டு இறுக்காமல் கட்டுவது என்று முன்பே தீர்மானித்திருந்தேன். நீ சொன்னது சரி என்பதற்காக அல்ல, உன் வாய்க்குப் பயந்துதான். ஒரு மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாரி சர்வீஸ் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே சரக்கை வகை பிரித்து எழுதும் எழுத்தர் ஒருவர் இருக்கிறார். விதிப்புத்தகத்தை விட்டு ஓர் அங்குலம் நகரமாட்டார், அதனால் எங்கள் பேக்கிங் பகுதியில் அவருக்கு ரூல்தடி என்று பெயர். பெட்டியைத் திறந்து நாலு பக்கம் புரட்டினார். இதுல மையே இல்லையேம்மா, எழுத்து எங்க இருக்கு என்று கேட்டுவிட்டு, சீட்டில் ‘வெற்றுத் தாள்’ என்று எழுதிவிட்டார். அந்த வகை என்றால் லாரியில் அடித்தட்டுதான். வெற்றுத் தாள் பாரம் தாங்கும், மேலே இரும்புச் சாமான்கூட ஏற்றலாம் என்பது அவர்கள் வழக்கம்.

எனக்குச் சுருக்கென்றது. போன வருடம் நீ சொல்லி மாப்பிள்ளை எழுதி அனுப்பியது ஒரே வரி: அக்கா அனுப்பியது புத்தகம் இல்லை, வெறும் காகிதம். அதையே இந்த மனுஷன் முத்திரை குத்தித் தரப் பார்க்கிறார்.

விடுவேனா. அவருடைய விதிப்புத்தகத்தையே கேட்டு வாங்கினேன். அச்சிட்ட நூல் என்றால் ‘மையாலோ வேறு எந்த முறையாலோ எழுத்து பதிக்கப்பட்ட தாள்கள்’ என்று இருந்த இடத்தில் விரலை வைத்து, வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படித்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி படித்தார். சரி, நூல்தான் என்று ஒத்துக்கொண்டவர், உடனே அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நூல்னா நூலுக்கு உண்டான கட்டு வேணுமே, இடைவெளி இல்லாம படுக்க வச்சு அடுக்கி நாலு பட்டை போட்டு இறுக்குங்க, இல்லாட்டி ஏத்த மாட்டேன் என்றார். வெற்றுத் தாள் என்றால் மேலே பாரம், நூல் என்றால் சுற்றிலும் இறுக்கம். எந்த வழியில் போனாலும் உன் பிள்ளைகளுக்கு வழுக்கைத் தாள்தான்.

வாய்ச்சண்டையில் பலனில்லை. பிழை விழுந்து ஒதுக்கிய பிரெயில் புத்தகங்களை எடுத்துப்போய் இரண்டு பெட்டி கட்டினேன். ஒன்றை அவர் விதிப்படி இறுக்கி, அவர் கிடங்கிலேயே ஏழு பெட்டிகளுக்கு அடியில் வைத்தேன். மற்றதில் புத்தகங்களை அலமாரியில் நிற்பதுபோல நிமிர்த்தி வைத்து, இடையிடையே மெல்லிய அட்டை செருகி, நாலு மூலையிலும் பாரம் தாங்கக் கெட்டி அட்டையில் கால் கொடுத்தேன். அதன் மேல் ஒரே ஒரு பெட்டி. மூன்று நாள் கழித்துப் பிரித்தோம். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள் என்றேன். முதல் பெட்டித் தாளில் அவர் கட்டைவிரல் வழுக்கிக்கொண்டே போனது. இரண்டாவதில் நின்றது. கண்ணைத் திறக்காமலே, இது என்ன எழுத்தும்மா என்று கேட்டார்.

பிறகு அவர் கைப்பட எழுதினார்: அச்சிட்ட நூல், நசுங்கும் தன்மை, பட்டை வேண்டாம், இரண்டு அடுக்குக்கு மேல் கூடாது. மூன்று இடத்தில் முத்திரை. முப்பத்தாறையும் அப்படிக் கட்டி முடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. ஏற்றும்போது மனுஷன் லாரிப் பக்கத்திலேயே நின்று எல்லாரையும் விரட்டினார்.

பெட்டிகளைப் பிரித்துப் பார்த்த அன்றைக்கு, அவருக்குப் பிறகு நானும் அந்த முதல் பெட்டித் தாளைத் தடவினேன். உனக்குச் சொல்ல வேண்டியது அதைத்தான். போன வருடம் வழியில் லாரிக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று ஊர் முழுக்கச் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். அவர்கள் கெடுக்கவில்லை. இறுக்கிக் கட்டாதே அக்கா என்று நீ போனில் சொன்னாய். இருபத்திரண்டு வருடமாகக் கட்டுகிறவள், எனக்கே பாடமா என்று கேட்டேன். உன் பள்ளிக்குப் போகிறதே, பத்திரமாகப் போகட்டும் என்று நாலு பட்டைக்கு மேல் ஐந்தாவதும் நான்தான் போட்டேன். பரீட்சைக்கு முந்தின வாரம் பன்னிரண்டு பிள்ளைகள் தாளைத் தடவித் தடவி ஒன்றும் அகப்படாமல் அழுதார்கள் என்று மாப்பிள்ளை சொன்னபோதுகூட எனக்குக் கோபம்தான் வந்தது. என் விரல் அந்தத் தாளில் வழுக்கியபோதுதான் கெடுத்தது நான் என்று புரிந்தது.

பெட்டிகள் வந்ததும் மற்றவற்றை யார் வேண்டுமானாலும் பிரிக்கட்டும். ஒன்றாம் எண்ணை மட்டும் நீ பிரி. அதை அடி அடுக்கில், பின்சக்கரத்துக்கு நேர் மேலே ஏற்றச் சொன்னேன். குலுக்கல் முழுவதும் அதற்குத்தான். முதல் புத்தகத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் தனியாக ஒரு தாள் இருக்கும். எங்கள் அச்சகத்தில் பிரெயில் பிழை பார்க்கும் பெண்ணிடம் அந்த ஒரு வாரமும் சாப்பாட்டு நேரத்தில் கற்றுக்கொண்டு, நானே ஊசியால் குத்தியது. நாலே வரி. பிழை இருந்தால் டீச்சர் திருத்திக்கொள்ளவும். மாப்பிள்ளை, அது உங்களுக்குப் படிக்க வராது, சிரமப்பட வேண்டாம்.

புள்ளிகள் நிமிர்ந்து நின்றால் நான் உன்னிடம் கேட்க நினைத்தது உன் விரலுக்கே கிடைக்கும். மழுங்கியிருந்தால், அதைக் கேட்கும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள். ஆனால் மழுங்கியிருக்காது, கட்டியது நான்.

உன் பிள்ளைகள் எல்லாரும் நன்றாக எழுதட்டும். நீ நன்றாக இரு. அந்த நாலு வரியைப் படித்துவிட்டு, ஒரே ஒரு தடவை, போனை நீயே எடு.

உன் அக்கா