யானை ஒரு பக்கம், காளை ஒரு பக்கம்

எங்கே இருந்தாலும் இதை உடனே கேட்டாகவேண்டிய என் செல்ல அப்பாவுக்கு,

நீ சொன்னது பொய்யே இல்லை! தேசூர் போகும் வழியில், ஏரிக்கரைச் சிவன் கோயிலில், யானைக்கும் காளைக்கும் சேர்த்து ஒரே தலை செதுக்கிய கல் நிஜமாகவே இருக்கிறது. இன்று பார்த்துவிட்டேன். பக்கத்தில் அம்மா தூங்குகிறாள். போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

வேனில் பட்டுப்புடவை மூட்டை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்வந்தால் இந்தக் கதையைத்தானே சொல்வாய்? நானும் அம்மாவும் புளுகு என்று உன்னைக் கேலி செய்வோம். நீ போய் வருஷம் திரும்பும்வரை கோயில் படி மிதிக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. டியூஷன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அப்பா, எத்தனை தூண்கள்! ஒருத்தி ஒற்றைக்காலில் நின்று பாதத்தில் தைத்த முள்ளை எடுக்கிறாள். வலியில் அவள் முகம் சுளிப்பதுகூடக் கல்லில் தெரிகிறது. கடைசித் தூணின் அடியில் அது இருந்தது. ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் துதிக்கை தூக்கிய யானை. மறுபக்கத்தை மறைத்தால் காளை. கண் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே! மாற்றி மாற்றி மறைத்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

“ஏய் தேவி!”

திரும்பினால் நம் தெருக் கமலா அத்தை, கையில் அர்ச்சனைத் தட்டோடு.

“வருஷம் திரும்பல, கோயில்ல நின்னு சிரிச்சிகினு இருக்கே? உங்கம்மாவுக்குத் தெரியுமாடி?”

“சாமி கும்புடல அத்தே. யானையத்தான் பாத்தேன்.”

“யானைய பாக்கணும்னா வண்டலூருக்குப் போடி!”

கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு அத்தையும் மறைத்துப் பார்த்தார். “அட, ஆமா இல்ல!” என்று சிரித்தார். சிரித்து முடித்ததும், “காலைல வந்து உங்கம்மாகிட்ட பேசிக்கிறேன்” என்றார்.

அம்மா அடித்தால் வாங்கிக்கொள்வேன். அழுவாளே, அதற்குத்தான் பயம். உன் பேச்சை எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நான் போனதில் உனக்கும் கோபமா அப்பா?

கமலா அத்தை வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், சத்தியமாக. அம்மா அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே போவேன். தப்பு செய்தேன் என்று ஆரம்பிக்க மாட்டேன். “அப்பா ஜெயிச்சிட்டாரும்மா” என்றுதான் ஆரம்பிப்பேன்.

இப்போது உன்னை முழுசாக நம்பும்
உன் மகள் தேவி